பவுண்டு கணக்கில் துணி... அமெரிக்காவில் ஒரு காதர்பேட்டை!

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தேன். அதுதான் என் முதல் விமானப் பயணம். பெட்டியில் சத்துமாவு, சுக்கு, பிரசவ மருந்து, இவற்றோடு வீட்டுக்காரரின் பழைய வேட்டிகள் நான்கையும் துவைத்து, மடித்து வைத்திருந்தேன். பிறந்த குழந்தையின் மேல் முதலில் படுவது பழைய துணியாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

மகள் இருப்பது ஒரேகான் மாநிலத்தில், போர்ட்லேண்டுக்கு மேற்கே உள்ள ஹில்ஸ்போரோ என்ற ஊரில். இன்டெல் நிறுவனத்தின் பெரிய வளாகங்கள் இருக்கும் ஊர் என்பதால் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நான் போனது அக்டோபர் மாதம். மழை ஓயாமல் தூறிக்கொண்டே இருந்தது. நம் ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்க்காது. யாரோ சலித்துக்கொண்டே இருப்பதுபோல விழும்.

போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் மகள், “வாங்கம்மா, பாப்பாவுக்குத் துணி எடுத்துட்டு வந்தர்லாம்” என்றாள். நானும் பெரிய கடை, கண்ணாடிக் கதவு, வரிசையாக விளக்கு என்று நினைத்து நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். காரை நிறுத்தியதும் என் கையில் ஒரு ஜோடி ரப்பர் கையுறையைத் திணித்தாள். “இதைப் போட்டுக்கங்க. உள்ளே கையை விட்டுக் கிளறோணும்” என்றாள்.

துணிக்கடைக்குள் போவதற்குக் கையுறை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

தொட்டிக் கடை

உள்ளே போனால் குடோன் மாதிரி ஒரு கூடம். அலமாரி இல்லை, ஹேங்கர் இல்லை, விலைச் சீட்டு இல்லை. சக்கரம் வைத்த நீல நிறத் தொட்டிகள் இடுப்பு உயரத்துக்கு வரிசை வரிசையாக நின்றன. அவற்றில் துணி குவிந்து கிடந்தது. சட்டை, பேன்ட், போர்வை, திரைச்சீலை, ஒற்றைச் செருப்பு, பொம்மை எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

இதுதான் ‘குட்வில் அவுட்லெட்’. அங்கே இருப்பவர்கள் ‘பின்ஸ்’ என்று சொல்கிறார்கள். தொட்டிகள் என்று அர்த்தம். வேண்டியதைப் பொறுக்கித் தள்ளுவண்டியில் போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் வண்டியோடு தரையில் இருக்கும் எடைமேடையில் ஏற்றுவார்கள். வண்டி எடையைக் கழித்துவிட்டு மீதிக்குப் பவுண்டுக்கு இவ்வளவு என்று பணம். ஒரு பவுண்டு என்பது நம் கணக்கில் சுமார் 454 கிராம். பட்டுச் சட்டையானாலும் பழைய துண்டானாலும் ஒரே விலை. எடை கூடக் கூடப் பவுண்டு விலை குறையும். ஒரேகானில் விற்பனை வரி கிடையாது என்பதால் எடைக்கு என்ன வருகிறதோ அதுதான் பில்.

குட்வில் அமைப்பு பழமையானது. 1902-ல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் தொடங்கியது. வசதியானவர்களிடம் பழைய துணி, சாமான்களைக் கேட்டு வாங்கி, வேலையில்லாத ஏழைகளை வைத்தே அவற்றைப் பழுது பார்த்து விற்று, அந்தப் பணத்தில் அவர்களுக்கே கூலி கொடுத்திருக்கிறார். இன்றைக்கும் விற்ற பணத்தில் வேலைப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

மக்கள் கொடுக்கும் துணி முதலில் குட்வில்லின் சாதாரணக் கடைகளுக்குப் போகும். அங்கே ஹேங்கரில் மாட்டி, விலை ஒட்டி விற்பார்கள். சில வாரங்கள் விற்காமல் கிடந்தவைதான் இந்தத் தொட்டிக்கு வருகின்றன. எங்கள் திருப்பூர் பாஷையில் சொன்னால், டேமேஜ் பீஸிலும் கழிந்தது.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

கொஞ்ச நேரத்தில் ஊழியர்கள் ஒரு வரிசைத் தொட்டிகளை மொத்தமாக உருட்டிக்கொண்டு போனார்கள். புதுத் தொட்டிகள் வரப்போகின்றன. எல்லோரும் ஒதுங்கி நின்றுகொண்டார்கள். கடைசித் தொட்டி வந்து நின்று, ஊழியர் சைகை காட்டும்வரை ஒருவரும் கை வைக்கக் கூடாது. அப்படி ஓர் அமைதி. சைகை வந்ததும் பத்திருபது பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஆடித் தள்ளுபடியின் முதல் நாளில் கதவு திறக்கும்போது பார்த்திருக்கிறேன். அதே வேகம்தான். ஆனால் யாரும் யாரையும் திட்டவில்லை.

வாங்க வருபவர்களில் பல ரகம் உண்டு. நல்ல பிராண்டைத் தேடி எடுத்து இணையத்தில் விற்பவர்கள் செல்போனும் கையுமாக நிற்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். குடும்பத்துக்கே இங்கேதான் துணி எடுக்கும் மெக்சிகோ நாட்டுப் பெண்கள் வருகிறார்கள். ஒரு தாத்தா ஒற்றை ஷூவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக்கொண்டே நடந்தார். இதன் ஜோடி யாருக்காவது கிடைத்ததா என்று கேட்கிறாராம். இரண்டு தொட்டி தள்ளி நின்ற ஒரு பெண் இன்னொன்றைத் தூக்கிக் காட்ட, பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

எனக்கு மட்டும் கை போகவில்லை. கையுறையோடு சும்மா நின்றேன்.

பத்தொன்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள் நான். நின்றுகொண்டே பார்க்கும் வேலை. ஓட்டை, ஆயில் கறை, விட்டுப்போன தையல் இவற்றைக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். பிசிறு வெட்ட வேண்டும். ஒதுக்கிய பீஸ்கள் கிலோ கணக்கில் காதர்பேட்டைக்குப் போகும். அதில் ஒன்றிரண்டைக் கம்பெனியில் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். என் மகள் வளர்ந்தது அந்தத் துணியில்தான்.

அவள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பிறந்தநாளுக்குப் பள்ளிக்குக் கலர் டிரஸ் போட்டுப் போகலாம் என்றார்கள். புதுத் துணி எடுக்கக் கையில் காசில்லை. அடர்த்தியான மஞ்சள் நிறத்தில் ஒரு டி-ஷர்ட் கொண்டுவந்தேன். பெரியவர்கள் அளவு. ராத்திரி உட்கார்ந்து பக்கவாட்டில் பிடித்துத் தைத்து, தோளில் இருந்த சின்ன ஓட்டைக்கு மேல் நூலால் ஒரு பூ போட்டேன். சந்தோஷமாகத்தான் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்ததும் அதைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, “இனிமேல் கம்பெனித் துணி போட மாட்டேன்” என்றாள். ஏன் என்று எத்தனை தடவை கேட்டும் சொல்லவில்லை. டேமேஜ் பீஸ் போட வெட்கப்படுகிறாள், என்னைப் பார்த்தும் வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு டேமேஜ் பீஸ் எடுக்கவே இல்லை. ஓவர்டைம் பார்த்தாவது தீபாவளிக்குக் கடையில் புதுத் துணி எடுத்தேன். 2011-ல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடியபோது வேலை சரியாக இல்லை. அந்த வருஷம்கூட அவள் கல்லூரிக்குப் போட்டுப்போகப் புதுச் சுடிதார்தான். அப்படி வளர்த்த பிள்ளை, கை நிறையச் சம்பாதிக்கும் நாட்டில், தன் வயிற்றுப் பிள்ளைக்கு யாரோ போட்டுக் கழித்த துணியைத் தொட்டியில் பொறுக்குகிறாள். கண் கலங்கிவிட்டது.

“ஏங்கண்ணு, காசு இல்லைன்னா சொல்லு. நான் கொண்டுவந்த பணம் இருக்குது. கடையில புதுசா ரெண்டு எடுத்தர்லாம். யார் போட்டதுன்னே தெரியாத துணி பிள்ளைக்கு எதுக்கு?” என்றேன்.

“காசெல்லாம் இருக்குதும்மா. மூணு மாசத்துல சின்னதாகிப்போற துணிக்கு எதுக்குப் புதுசு? கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தா முடிஞ்சுது. காரில் பாப்பாவை வைக்கிற சீட்டு, தொட்டில் ரெண்டும் மட்டும் புதுசுதான் வாங்கியிருக்கு. அது பாதுகாப்பு விஷயம், பழசு கூடாது” என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அப்பாவோட வேட்டி நாலைக் கட்டிக் கொண்டுவந்தீங்களே, அது மட்டும் புதுசுங்களா?”

எனக்குப் பதில் வரவில்லை. “அது நம்ம வீட்டுத் துணி” என்று மட்டும் சொன்னேன்.

மஞ்சள் சட்டை

அப்போதுதான் அவள் தொட்டியிலிருந்து ஒரு டி-ஷர்ட்டை இழுத்தாள். நெஞ்சில் பெரிய எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. படித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எட்டு மாத வயிறு. நான் பயந்தே போனேன்.

“என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுங்களாம்மா? ‘எனக்கு இன்னொரு பீர் வேண்டும்’னு போட்டிருக்குது. என்னோட மஞ்சள் சட்டையிலயும் இதே மாதிரிதான் ஒண்ணு இருந்துச்சு.”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். பிறந்தநாளன்று வகுப்பில் எழுந்து நின்று சாக்லேட் கொடுக்கப் போயிருக்கிறாள். ஆசிரியை சட்டையைப் படித்துவிட்டு, “உன் வீட்டுல இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சவங்க யாருமே இல்லையா?” என்று கேட்டு, மதியம்வரை வெளியே நிற்க வைத்துவிட்டார். பிள்ளைகள் அந்த வருஷம் முழுக்க ‘பீர்’ என்றே கூப்பிட்டிருக்கிறார்கள்.

“அன்னைக்கே ஏன் சொல்லலை?”

“சொன்னா, உங்களுக்குப் படிக்கத் தெரியலைன்னு நீங்க அழுவீங்கன்னு நினைச்சேன். அந்தப் பூவுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சும்மா.”

ஆயிரக்கணக்கான பீஸைக் கையால் தடவிப் பார்த்து அனுப்பியவள் நான். அச்சு உரிந்திருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று இத்தனை வருஷம் நான் நினைத்திருந்தேன். அவளோ எனக்கு வெட்கமாகிவிடக் கூடாது என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைத் தொட்டிக்குள் விட்டேன்.

செக்கிங் கை

அதன் பிறகு மகளுக்கு வேலையே இல்லை. தையலைத் திருப்பிப் பார்த்து, தோள்பட்டையை இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கறை இருந்தால் அப்படியே போட்டுவிட்டு, நல்லதை வண்டிக்குள் போட்டேன். எதிரே நின்ற மெக்சிகோ பாட்டி ஒருவர் என் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகளின் வயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவர், தன் வண்டியிலிருந்து கையால் பின்னிய சின்ன ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

எடுத்ததில் பல துணிகளின் லேபிளில் பங்களாதேஷ், வியட்நாம், சீனா என்று இருப்பதாக மகள் படித்துச் சொன்னாள். ஒரு வெள்ளை பாப்பா சட்டையில் ‘மேட் இன் இந்தியா’. அந்த எழுத்து மட்டும் எனக்குப் பார்த்தவுடன் தெரியும். எந்த ஊரில் தைத்ததோ, தெரியாது. ஆனாலும் கழுத்துத் தையலைப் பார்த்தேன். ஒரு குறை இல்லை. “இது பாஸ்” என்று மகளிடம் கொடுத்தேன்.

இங்கேயும் விற்காத துணி என்ன ஆகும் என்று மாப்பிள்ளை அன்றிரவு சொன்னார். பெரிய பேல்களாகக் கட்டிக் கப்பலேற்றுவார்களாம். ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் காண்டமாண்டோ சந்தை போன்ற இடங்களுக்கு வெளிநாட்டுப் பழந்துணி குவிகிறது. இந்தியாவுக்கும் வருகிறது. குஜராத்தின் காண்ட்லாவில் பிரிக்கிறார்கள். ஹரியானாவின் பானிபட்டில் கம்பளித் துணியைக் கிழித்து, மறுபடி நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். எங்கள் பக்கத்திலும் கட்டிங் வேஸ்ட்டைப் பஞ்சாக்கி நூல் நூற்கும் மில்கள் உண்டு. துணி சீக்கிரம் சாவதில்லை. மனிதர்கள்தான் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள்.

நீங்களும் அந்தப் பக்கம் போனால் நான்கு விஷயங்களை நினைவில் வையுங்கள். கையுறை கட்டாயம், தொட்டிக்குள் உடைந்த கண்ணாடியும் கிடக்கும். சட்டைப் பைகளைத் தடவிப் பாருங்கள். புதுத் தொட்டி வரும்போது அவசரப்பட்டுக் கை நீட்டாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் துவைத்துக் காயவைத்த பிறகே பீரோவில் வையுங்கள்.

எங்கள் வண்டி ஒன்பது பவுண்டு நின்றது. நான்கு கிலோ சொச்சம். இருபது டாலருக்குள் முடிந்தது. பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குத் தேவையான துணி.

நவம்பர் கடைசியில் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவர்கள் போர்வையில் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தாத்தாவின் வேட்டியைக் கிழித்துச் சுற்றினேன். குளிப்பாட்டிய பிறகு போட்டது அந்த வெள்ளைச் சட்டை. தோளில் ஓட்டை எதுவும் இல்லை. இருந்தாலும் மகள் கேட்டாள் என்பதற்காக, மஞ்சள் நூலில் ஒரு பூ போட்டுக் கொடுத்தேன்.