வயதும் வன்மையும்

ஐம்பதைக் கடந்தபின், இளைஞர் நிறைந்த அலுவலகத்தில் இனி நமக்கு இடமுண்டோ என்னும் ஐயம் எழுகின்றது. ஊரைவிட்டு வந்து உழைப்பையே முதலாகக் கொண்ட நம்மவர் பலரும் இதனை அறிவர். எனக்குத் தெளிவு தந்தோர் அமெரிக்கக் கால்பந்தாட்டக்காரர் இருவர்.

அவ்வாட்டத்தில் பந்தெறிந்து அணியை நடத்துபவர் குவார்ட்டர்பேக். டாம் பிரேடி 2000ஆம் ஆண்டு வீரர் தேர்வில் 199ஆவதாக எடுக்கப்பட்டவர். 2021 பிப்ரவரியில், தமது 43ஆம் வயதில், ஏழாவது முறையாக சூப்பர் பவுல் வென்றார். ஓட்டத்தில் அவர் என்றுமே வல்லவரல்லர். எதிரணி நிற்கும் நிலையைக் கொண்டே அதன் எண்ணத்தை உணர்ந்து, தம்மை வீழ்த்த வருவோர் நெருங்குமுன் எறிந்துவிடுவார், அடியும் குறைந்தது. உணவிலும் உறக்கத்திலும் கட்டுப்பாடு காத்தார். எறிபவரைக் காக்கும் விதிகளும் துணைநின்றன.

பெய்டன் மானிங்கோ கழுத்தில் அறுவைச் சிகிச்சைகள் கண்டவர். 2016இல், 39 வயதில் அவர் வென்றபோது கைவலிமை குன்றியிருந்தது. அணியின் தற்காப்பு வீரரே அவரைத் தாங்கினர்.

உடல் தளரும்போது அறிவு முன்நடக்க வேண்டும்; அதுவும் போதாதபோது தோழர் வேண்டும். ஆகவே, அருகிலுள்ள இளைஞரைப் போட்டியாளராக நான் எண்ணுவதில்லை. கற்றதை அவர்க்குக் கொடுக்கின்றேன். அவர் வேகத்தைத் துணைகொள்கின்றேன்.