மடையும் அட்டைப்படமும்

மஞ்சள் வெட்டு, வேக வைக்கிறதுன்னு மூணு வாரமா இந்தப் பக்கமே வர முடியல. இன்னைக்கு எழுதப்போறது விவசாயச் சங்கதி இல்லைங்க. ஒரு கம்ப்யூட்டர் கேம் பத்தி. பொறுத்துப் படிங்க, கடைசியில தண்ணி நம்ம வாய்க்காலுக்குத்தான் வரும்.

எங்க அண்ணன் மகள் பெங்களூர்ல கம்பெனி வேலையில இருந்தது. அதை விட்டுட்டு ரெண்டு வருஷமா வீட்டு மாடியில உக்காந்து ஒத்தை ஆளா ஒரு புதிர் கேம் செஞ்சுட்டு இருக்கு. பேரு 'மடை'. நம்ம கீழ்பவானி பாசனத்துல ரெண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கருக்கும் ஒரே சமயத்துல தண்ணி கிடையாது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகுன்னு பிரிச்சு ஒரு போகம் இவங்களுக்கு, அடுத்த போகம் அவங்களுக்குன்னு விடுவாங்க. அதுதான் புள்ளைக்கு மூலம். கேம்ல ஒரு மதகைத் திறந்தா பக்கத்து மதகு தானா மூடிக்கும். அப்படியே திறந்து மூடி, முறை முடியறதுக்குள்ள கடைமடை வயல் வரைக்கும் தண்ணி கொண்டுபோய்ச் சேர்க்கணும். மொத்தம் அறுபது கட்டம். நான் பதினொண்ணு வரைக்கும் போனேன். பன்னண்டாவதுல ரெண்டு நாளா நிக்கிறேன்.

கேம் முடிஞ்சிருச்சு. இனி விக்கணும். கம்ப்யூட்டர் கேமுக்கு ஸ்டீம்னு பெரிய சந்தை இருக்குதாம், வால்வுங்கிற அமெரிக்கக் கம்பெனி நடத்துறது. இடம் போட 100 டாலர் கட்டணும், வியாபாரம் 1,000 டாலரைத் தாண்டினா அந்தப் பணம் திரும்ப வரும். விக்கிறதுல நூத்துக்கு முப்பது அவங்களுக்கு. காய்கறி மண்டியில பத்து புடிச்சாலே நாம போடுற சத்தம் உங்களுக்குத் தெரியும்.

கையில இருக்கிற சேமிப்பு இன்னும் நாலு மாசத்துக்குத்தான். அண்ணன் பேச்சு வார்த்தையைக் குறைச்சு வெகு நாளாச்சு. அந்த நிலைமையில ஒரு ஞாயித்துக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து, "சித்தப்பா, அட்டைப்படமும் விளம்பர வாசகமும் தயார். நாளைக்கு ஏத்தப்போறேன். பாத்துச் சொல்லுங்க"ன்னுச்சு.

படம் அழகுன்னா அழகு. பொன்னிறத்துல சூரியன் உதிக்குது, பச்சைப் பசேல்னு வயல், தலப்பாக்கட்டோட ஒரு பெரியவர், ரெண்டு காளை, தூரத்துல மலை. பதினெட்டாயிரம் குடுத்து ஒரு ஓவியர்கிட்ட வாங்கினது. காலண்டர்ல போட்டா பூஜை ரூம்ல மாட்டுவாங்க. ஆனா எனக்கு உடனே ஒண்ணு உறுத்துச்சு. இந்தப் படத்துல மடை எங்க?

நான் வாயைத் திறக்கல. பால் ஊத்த வந்த பக்கத்துத் தோட்டத்துப் பையனைக் கூப்பிட்டுக் காட்டி, "இது என்ன கேம்டா?"ன்னு கேட்டேன். "ஏர் ஓட்டுற கேமுங்களா, டிராக்டர் எல்லாம் வருமா?"ன்னான். புள்ளை முகம் சுருங்கிப்போச்சு.

விதைக்கடையில நமக்குத் தெரியாததா. பாக்கெட் மேல முழ நீளத்துக்கு மிளகாய் படம், முளைச்சு வந்தா சுண்டுவிரல். ஒரு தடவை வாங்குவோம், அடுத்த வருஷம் அந்தக் கடைப்பக்கம் போவோமா? இந்தச் சந்தையில இன்னும் மோசம். வாங்கின பதினாலு நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா விளையாடியிருந்தா பணத்தைத் திருப்பி வாங்கிக்கலாம். ஏர் ஓட்ட வந்தவன் மதகு திறந்து மூடுறதைப் பாத்துட்டு பத்தே நிமிஷத்துல திருப்பிடுவான். போறவன் சும்மா போவானா, நல்லால்லைன்னு எழுதி வெச்சுட்டுப் போவான். புதிர் பிரியம் உள்ளவனோ படத்தைப் பாத்து, இது நமக்கு இல்லைன்னு தாண்டிப் போயிருப்பான். எனக்கு இந்த ரெண்டாவது ஆளு போறதுதான் பெரிய நஷ்டமாத் தெரியுது.

இன்னொண்ணும் பாத்தோம். அந்தச் சந்தையில ஒரே படத்தைப் பல அளவுல கேக்கிறாங்க. தேடுறப்ப வரிசையா வர்ற சின்னப் படத்தை 462க்கு 174 புள்ளி அளவுல குடுக்கணும், அதையும் சுருக்கித்தான் காட்டுவாங்க. தீப்பெட்டி அளவுன்னு வெச்சுக்கங்களேன். செல்போன்ல அந்த அளவுக்குச் சுருக்கி, கட்டில்ல வெச்சுட்டு மூணு எட்டு தள்ளி நின்னு பாத்தோம். காளை ரெண்டும் ஒரு கறுப்புத் திட்டு. பொன்னிற வெளிச்சத்து மேல பொன்னிறத்துலயே பேரை எழுதியிருந்ததால பேரே காணோம். எங்க ஊர்ல மஞ்சச் சுவத்துல மஞ்சப் பெயிண்ட்ல பேரு எழுதின கடையை நான் பாத்ததில்லைங்க.

ஒரு நல்ல சட்டமும் அங்க இருக்குது. 2022 செப்டம்பர்ல இருந்து அட்டைப்படத்துல கேம் பேரும் ஓவியமும்தான் இருக்கலாம். விருது வாங்கினது, ஸ்டார் எத்தனை, தள்ளுபடி எவ்வளவு, எதையும் எழுதக்கூடாது. நம்ம பூச்சிமருந்து டப்பாவுக்கும் இப்படி ஒரு சட்டம் வந்தா எவ்வளவு இடம் மிச்சமாகும்!

வாசகத்தைத் தமிழ்ல சொல்லச் சொன்னேன். "மனதை மயக்கும், தனித்துவமான, மூளைக்குச் சவால் விடும் அழகிய புதிர் அனுபவம்." அவ்வளவுதான். தண்ணின்னு ஒரு வார்த்தை இல்லை. இதை எந்தக் கேமுக்கு வேணும்னாலும் ஒட்டலாம். "கண்ணு, இதுல கையால செய்யற வேலை என்ன? அதைச் சொல்லு"ன்னேன். 300 எழுத்து அளவுக்குத்தான் இடம். ராத்திரி பத்து மணி வரைக்கும் அடிச்சு அடிச்சு எழுதி, கடைசியா நின்னது இது: "ஒரு மதகைத் திறந்தால் அடுத்த மதகு மூடிக்கொள்ளும். முறை முடிவதற்குள் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போக வேண்டும். அறுபது வாய்க்கால்கள். அவசரம் இல்லை, எப்போது வேண்டுமானாலும் பின்னால் போய் மாற்றலாம்." அந்தக் கடைசி வரி புள்ளையோட யோசனை. கடிகாரம் ஓடுமோன்னு பயந்து சில பேர் வாங்க மாட்டாங்களாம்.

அப்புறம் எனக்கு ஒரு கேமைக் காட்டுச்சு. 'பாபா இஸ் யூ'. ரஜினி படம் இல்லைங்க. பின்லாந்துக்காரர் ஆர்வி தெய்காரி செஞ்சது, 2019ல வந்தது. கேமோட விதிகளே திரையில வார்த்தைக் கட்டைகளாக் கிடக்கும், அதைத் தள்ளித் தள்ளி விதியையே மாத்தணும். வெள்ளையா முயல் மாதிரி ஒரு பிராணி, அதுவும் சின்னப் பசங்க கிறுக்கின மாதிரி. காலண்டர் அழகெல்லாம் ஒண்ணும் கிடையாது. உலகம் பூரா வாங்கி விளையாடியிருக்காங்க.

பதினெட்டாயிரத்தை விட மனசு வரலதான். ஆனா ஒரு வழி கிடைச்சுது. வாங்கினவங்க லைப்ரரியில நட்டமா ஒரு படம் நிக்கும், 600க்கு 900. அங்க இந்தக் காளையும் சூரியனும் இருக்கட்டும், அவங்க ஏற்கெனவே காசு குடுத்தவங்க. கடை முகப்புக்கு அதே ஓவியர்கிட்ட இன்னொரு நாலாயிரத்துக்குப் புதுசா எழுதச் சொல்லியாச்சு. மேலிருந்து பாக்கிற மாதிரி வாய்க்கால், நடுவுல ஒரு மதகு. இந்தப் பக்கம் நீலத் தண்ணி, அந்தப் பக்கம் வெடிச்ச வயல். பேரு வெள்ளையில, கொட்டை எழுத்துல. பால்காரப் பையன்கிட்ட திரும்பவும் காட்டினோம். "தண்ணி கட்டுற கேமுங்களா"ன்னான்.

வெளியீட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடியாவது கடைப்பக்கத்தைத் திறந்து வெச்சிருக்கணுங்கிறது அங்க விதி. புள்ளை ரெண்டு மாசம் முன்னாடியே திறந்திருச்சு. வாங்கணும்னு நெனைக்கிறவங்க விருப்பப் பட்டியல்ல சேத்து வெப்பாங்க. நேத்து வரைக்கும் 340 பேரு. இது பத்தாதுன்னு புள்ளையே சொல்லுது, எனக்கும் அப்படித்தான் தோணுது.

முந்தாநாள் அண்ணன் தானா மாடிக்கு ஏறிப் போயிருக்காரு. புதுப் படத்தை ரொம்ப நேரம் பாத்துட்டு, "ஷட்டரு மூடியிருக்குது, அப்புறம் எப்படி அந்தப் பக்கம் ஈரம் காட்டியிருக்கான்?"ன்னாரு. பாத்தா நெசந்தான். ஓவியருக்குச் சொல்லி விட்டிருக்கு, திருத்தின படம் இந்த வாரத்துல வரும்.