துவிச்சக்கரவண்டியும் தூரப் பயணமும்

மனிதன் தன் உடல் வலுவினால் மாத்திரம் இயக்கக்கூடிய ஊர்திகளுள் துவிச்சக்கரவண்டிக்கு நிகரானது பிறிதொன்றில்லை. 1817ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கார்ல் வொன் டிரைஸ், காலால் நிலத்தை உந்திச் செல்லும் மரவண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். 1885இல் ஆங்கிலேயரான ஜோன் கெம்ப் ஸ்ராலி, ஏறத்தாழச் சம அளவிலான இரு சில்லுகளும் பின்சில்லைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட வண்டியை அமைத்தார். 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரை அதற்கு அளித்தார். இவற்றோடு வண்டியின் வடிவம் பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டது. அதற்குப் பின்னர் மாறியவை வண்டியின் பாரமும் பற்சில்லுகளின் தொகையுமே எனலாம்.

யாழ்ப்பாணத்தவர்க்குத் துவிச்சக்கரவண்டியின் பெருமையை எடுத்துரைத்தல் வேண்டாதது. குடாநாட்டின் நிலம் மேடு பள்ளமற்றது. ஊர்கள் ஒன்றோடொன்று நெருங்கியவை. 1990இல் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் தடைப்பட்ட காலத்தில், விறகும் நெல்மூடையும் நோயாளரும் இவ்வண்டியிலேயே கொண்டுசெல்லப்பட்டனர். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழும் மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்ட வீடுகளும் உண்டு. எனினும், வீட்டிலிருந்து சந்தைக்குச் செல்வது வேறு. நாட்கணக்கில் நெடுந்தூரம் செல்வது வேறு. முன்னையதிற் கைதேர்ந்தவரும் பின்னையதிற் பிழைவிடுவர் என்பதற்குப் பேராதனையில் கலைப்பீடத்திற் பயிலும் மாணவன் ஒருவனின் அனுபவம் தக்க சான்றாகும்.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, கொட்டிலில் தூசிபடிந்து கிடந்த தன் அப்புவின் வண்டியை அம்மாணவன் வெளியே எடுத்தான். அது 1960களின் இறுதியில் வாங்கப்பட்ட ராலி. இருபத்தெட்டு அங்குலச் சில்லும் கம்பிப் பிறேக்கும் கொண்டது. மறு ஆண்டு அதனைப் புகையிரதத்திற் பேராதனைக்குக் கொண்டுசென்று, ஆவணி விடுமுறைக்கு அதிலேயே வீடு திரும்புவதென அவன் தீர்மானித்தான். கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 வீதிவழியே 321 கிலோமீற்றர். நான்கு நாட்களில் அதனைக் கடந்துவிடலாம் என்பது அவனது கணக்கு.

முதற் பிழை வண்டியை அனுப்புவதிலேயே நேர்ந்தது. புகையிரதத்தில் வண்டியைப் பொதியாக அனுப்ப விரும்புவோர், பொதிகள் ஏற்றும் பெட்டி எந்தப் புகையிரதத்தில் உண்டென முன்கூட்டியே விசாரித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிப் பக்கம் செல்லும் பொதி பொல்காவலையில் வேறு புகையிரதத்துக்கு மாற்றப்படவேண்டியது என்பதையும் மனங்கொள்ளல் வேண்டும். ஏற்றியிறக்கும் ஒவ்வொரு தடவையும் வண்டிக்கு ஆபத்தே. ஆகையால் மிதிகளைக் கழற்றிவிடுவது நன்று. இடப்பக்க மிதியின் புரி எதிர்த்திசையிற் சுழல்வது. இதனை அறியாது முறுக்கிப் புரியைத் தேய்த்தவர் பலர். ஹாண்டிலைத் தளர்த்திச் சட்டத்துக்குச் சமாந்தரமாகத் திருப்பிக் கட்டலாம். சங்கிலியைப் பழந்துணியாற் சுற்றினால் அயற்பொதிகள் அழுக்காகா. சட்டத்தின் குழாய்களுக்குச் சாக்குத் துண்டு சுற்றி, பெயரும் சேரிடமும் எழுதிய அட்டைகளை ஒன்றுக்கு இரண்டாகக் கட்டுதல் வேண்டும். பஸ்வண்டியின் பொதியறையிற் கிடத்துவதாயின் சங்கிலிப் பக்கம் மேலே இருக்கவேண்டும். சில்லைக் கழற்றி அட்டைப்பெட்டியில் அடைப்பதாயின், சில்லு பொருந்தும் கவைக் கால்களுக்கிடையே அவற்றின் அகலத்துக்கேற்ற மரத்துண்டொன்றைச் செருகுதல் அவசியம். இன்றேல் மேலே விழும் சுமை அவற்றை நெரித்துவிடும்.

மாணவன் இவற்றுள் ஒன்றையும் செய்தானல்லன். பெயரட்டை ஒன்றைக் கட்டியதோடு திருப்தியடைந்தான். வண்டி வந்து சேர்ந்தபோது பார்வைக்கு ஊறு எதுவும் தெரியவில்லை. அன்று மாலையே விடுதியிலிருந்து கலஹா வீதியை நோக்கிச் சரிவில் இறங்கினான். பாதி வழியிற் பிறேக்கை அழுத்தியபோது கம்பி வளைந்திருந்தமையால் கட்டைகள் விளிம்பைத் தொடவேயில்லை. புற்றரையிற் குதித்து முழங்காற் காயத்தோடு தப்பினான். பிறரிடம் ஒப்படைத்து மீளப்பெற்ற வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முதலிற் பிறேக்கையும் பின்னர் சில்லின் ஆணிகளையும், அதன் பின்னரே ஏனையவற்றையும் பரிசோதித்தல் வேண்டும் என்ற விதியை அவன் தோலாற் கற்றான்.

இனி வண்டியை ஆயத்தஞ் செய்தல் பற்றி நோக்குவோம். நெடும் பயணத்துக்கு விலையுயர்ந்த வண்டி வேண்டும் என்பது பரவலான எண்ணம். அது முழுவதும் சரியன்று. பாரமற்ற சட்டமும் பல பற்சில்லுகளும் ஏற்றத்தில் உதவும் என்பது உண்மையே. ஆயின், பழைய உருக்குச் சட்டம் பாரந் தாங்கும். குன்றுங்குழியுமான பாதையின் அதிர்ச்சியை உள்வாங்கும். உடைந்தாற் சிற்றூர்ப் பட்டறையிலும் ஒட்டிக்கொள்ளலாம். ஒற்றைப் பற்சில்லு உடைய வண்டியாயின், பின்னாலுள்ள பதினெட்டுப் பற்சில்லை நீக்கி இருபதோ இருபத்திரண்டோ பற்கள் கொண்டதைப் பூட்டலாம். சமதரையில் வேகம் சற்றுக் குறையினும் மலையேற்றத்தில் முழங்கால் பிழைக்கும். இருக்கையின் உயரத்தை அறிவதும் எளிதே: மிதி அடியில் நிற்கும்போது குதிக்காலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். இருக்கை தாழ்ந்திருப்பின் முழங்கால் நோவெடுப்பதும், மிக உயர்ந்திருப்பின் இடுப்பு இருபுறமும் ஆடுவதும் இயல்பு.

கருவிகளுள் இன்றியமையாதவை சிலவே. மேலதிக ரியூப் ஒன்று, ஒட்டுப் போடும் சாமான்கள், காற்றடிக்கும் பம், ரயர் கழற்றும் நெம்பிகள் இரண்டு, வண்டியின் புரிகளுக்குப் பொருந்தும் ஸ்பனர்கள், ஒரு சோடி பிறேக் கட்டை, சங்கிலி இணைக்கும் கண்ணி, சிறிது எண்ணெய், கட்டுக்கம்பி. ஒட்டுப் போடுவதிற் பலர் காட்டும் அவசரமே அதனைப் பயனற்றதாக்குகின்றது. ஓட்டையைச் சுற்றி அரத்தாளால் உரசி, பசையைப் பூசி, அது ஈரம் போய்ப் பிசுபிசுக்கும் வரை பொறுத்திருந்தே ஒட்டை அழுத்தல் வேண்டும். அதற்கு முன்னர் ரயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தலும் வேண்டும். முள் அங்கேயே இருக்குமாயின் புது ரியூப்பும் அடுத்த கட்டையிற் காற்றிழந்துவிடும்.

பாரம் ஏற்றுவதே இக்கலையின் உயிர்நிலை. பாரம் தாழ்ந்திருக்கவேண்டும், இருபுறமும் ஒத்திருக்கவேண்டும், அசையாதிருக்கவேண்டும். முழுவதையும் கரியரில் அடுக்கினால் ஏற்றத்தில் முன்சில்லு நிலத்தை விட்டெழும், ஹாண்டில் சொற்கேளாது. ஆகவே பின்சில்லின் இருபுறமும் அச்சுக்கு அண்மையாகத் தொங்கும் பைகளில் பெரும்பகுதியையும், முன்னால் ஒரு சிறு பகுதியையும் வைத்தல் நன்று. பாரமான கருவிகள் அடியிலும், மழையங்கி மேலேயும் இருக்கவேண்டும். மழைக்காப்பென விற்கப்படும் பைகளையும் முற்றாக நம்பாது, உடுதுணியைப் பொலித்தீன் உறையிற் சுற்றிவைப்பதே அறிவுடைமை.

பிரான்சின் சென் எற்றியன் நகரில் வாழ்ந்து, வெலோசியோ என்னும் புனைபெயரில் எழுதிய போல் த விவீ (1853-1930) பயணிகளுக்குச் சில விதிகளை வகுத்தார். பசிக்குமுன் உண்க, விடாய்க்குமுன் பருகுக, உண்ணவோ உறங்கவோ இயலாத அளவுக்குக் களைக்கற்க, பிறர் மெச்சுதற்பொருட்டு மிதியற்க என்பன அவற்றின் சாரம். இவற்றோடு பாரங் குறைத்தல் என்னும் விதியையும் பயணநூல்கள் யாவும் ஒருமுகமாகக் கூறும். கொண்டுசெல்ல விரும்புவனவற்றை நிலத்திற் பரப்பி அவற்றுட் பாதியை நீக்குக என்பர். மாணவனும் அவ்வாறே செய்தான். எஞ்சியது பதினொரு கிலோ.

அன்றிரவு விடுதி நண்பன் ஒருவன் அவனிடம் வந்தான். மாங்குளத்திலுள்ள தன் தாயாருக்கு இரண்டு கிலோ கித்துள் கருப்பட்டி கொண்டுசென்று கொடுக்கவியலுமா எனக் கேட்டான். பாரம் கூடிவிடும் என மாணவன் மறுத்தான். நண்பன் வருந்தியதாகத் தெரியவில்லை, தலையசைத்துச் சென்றான். மறுத்தவனுக்கே உறக்கம் வரவில்லை. வண்டியை ஒப்படைக்கும்போது அப்பு சொன்ன செய்தியொன்று அவனது நினைவுக்கு வந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்களுட் பெரும்பாலானோர் ஊரைவிட்டுத் தென்மராட்சிக்குச் சென்றபோது, அப்புவும் இதே வண்டியில் வீட்டை ஏற்றினார். கரியரில் எண்பது வயதுத் தாயார். ஹாண்டிலின் ஒருபுறம் அரிசி, மறுபுறம் உடுதுணியும் காணி உறுதிகளும். பாரங் கட்டுவதில் அவர் ஊரிற் பேர்பெற்றவர். புறப்படும் வேளையில் தாயார் தம் பாக்குரலைக் கேட்டார். பல்லில்லாத கிழவிக்கு அந்தச் சிற்றுரல் இன்றி வெற்றிலை இல்லை. அது இரும்பு, அப்பு அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திண்ணையில் வைத்தார். பாரம் என்றார். தாயார் பின்னர் ஒன்றும் பேசவில்லை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க இரவு முழுவதும் சென்றது. வண்டி ஓரிடத்திலும் சரியவில்லை; கயிறு அவிழவில்லை. கொடிகாமத்தில் ஒரு மரத்தடிக் கொட்டிலில் அடுத்த தை மாதம் தாயார் இறந்தார். அந்நாட்களில் யாரேனும் வெற்றிலை கொடுத்தால் அதனை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார், போடமாட்டார்.

“ரண்டு இறாத்தல் வராது தம்பி. அரிசியில ஒரு சுண்டு குறைச்சிருந்தால் ஏத்தியிருக்கலாம்” என்று மட்டுமே அப்பு கூறினார். கூறிவிட்டுக் கயிற்றின் முடிச்சை மீண்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

விடியுமுன் மாணவன் பைகளை அவிழ்த்தான். இரண்டாவது காற்சட்டை, சப்பாத்து, வாசிப்பதற்கென வைத்த தடித்த நூல் ஆகியவற்றை நீக்கினான். நண்பனை எழுப்பிக் கருப்பட்டியை வாங்கிப் பின்சில்லின் இருபுறமும் ஒவ்வொரு கிலோவாக வைத்துக் கட்டினான்.

பாதை பற்றிச் சுருங்கக் கூறின் அமையும். கட்டுகஸ்தோட்டை, மாத்தளை வழியாகத் தம்புள்ளை வரை ஏற்றமும் இறக்கமும் கலந்துவரும். நீண்ட இறக்கத்தில் இரு பிறேக்குகளையும் ஓயாது பிடித்திருத்தல் தவறு. விட்டுவிட்டுப் பிடித்தல் வேண்டும். தம்புள்ளைக்கு வடக்கே நிலம் சமதரையாகும். ஆனால் வெயில் கடுமையாகும். விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுப் பத்தரை மணிக்கு நிழல் தேடி, பிற்பகல் மூன்றரைக்குப் பின் மீண்டும் மிதிப்பதே உகந்தது. தண்ணீரோடு சிறிது உப்பும் உடலுக்கு வேண்டும். மோரும் கஞ்சியும் இளநீரும் இப்பாதையின் அருமருந்துகள். யானை நடமாடும் பகுதிகளில் இருட்டியபின் செல்லுதலை அறவே தவிர்த்தல் வேண்டும். காற்றின் திசையும் கருதத்தக்கது. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் சோழகம் வடக்கே செல்பவனை முதுகில் உந்தும்; மார்கழி, தை மாதங்களில் வாடை முகத்தில் அறையும். விடுமுறை எப்போது வருமென்பது பயணியின் கையில் இல்லையாயினும், வாடைக் காலத்தில் நாளொன்றுக்குச் செல்லும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுதல் அவன் கையிலேயே உள்ளது.

மூன்றாம் நாள் மாலை மாணவன் மாங்குளத்தை அடைந்தபோது பின்சில்லில் மூன்று கம்பிகள் முறிந்திருந்தன. தங்குவதற்கென எண்ணியிருந்த இடத்தில் இடமில்லை. கருப்பட்டியை ஒப்படைக்கச் சென்ற வீட்டிலேயே அன்றிரவு தங்க நேர்ந்தது. அந்தத் தாயார் பொதியை அவிழ்த்து, ஒரு துண்டை உடைத்து முகர்ந்து பார்த்து, “பிள்ளை மெலிஞ்சு போனானோ?” என்று முதலிற் கேட்டார். பின்னர் புட்டு அவித்தார். அயலிலிருந்த முதியவர் ஒருவர் தம் பழைய வண்டியிலிருந்து மூன்று கம்பிகளைக் கழற்றிக் கொணர்ந்து, விளக்கொளியிற் சில்லை நேராக்கிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். மேலதிகக் கம்பிகளைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிச் செல்லவேண்டும் என்ற விதியும் இவ்வாறு மாணவனின் பட்டியலிற் சேர்ந்தது.

மறுநாள் முறிகண்டியிற் கச்சான் வாங்கி, ஆனையிறவு வெளியிற் சோழகத்தோடு பறந்து, நாவற்குழிப் பாலத்தை அவன் மாலை நான்கு மணியளவிற் கடந்தான். கடக்க ஒரு நிமிடமும் செல்லவில்லை. பாலத்தின் அப்பால் இறங்கி, வண்டியை உருட்டிக்கொண்டு சிறிது தூரம் நடந்தான்.

படலையடியில் அப்பு காத்திருந்தார். பேரனிடம் நலம் விசாரிக்குமுன் ரயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பைகளின் கட்டை இழுத்துப் பார்த்தார். பின்னர் புதுக் கம்பிகள் மூன்றையும் கண்டு, யார் போட்டதென வினவினார். மாங்குளத்துச் செய்தி முழுவதையும் மாணவன் கூறினான். அப்பு பதில் எதுவும் சொல்லவில்லை. வண்டியை வாங்கித் தாமே கொட்டிலுக்குள் உருட்டிச் சென்றார்.

பாரங் குறைத்தல் என்னும் விதி பிழையானதன்று. நெடுந்தூரம் செல்ல விழைபவர் தம் பொருள்களை நிலத்திற் பரப்பிப் பாதியை நீக்கத்தான் வேண்டும். எந்தப் பாதியை நீக்குவது என்பதை மட்டும் தராசு சொல்லாது.