ஒரு வாளி ஆசிட் கற்றுத் தந்த பாடம்

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். என் அப்பா கித்தாத் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை செய்தவர். பாலை உறைய வைக்க ஆசிட் கலப்பது அவர் பொறுப்பு. "தண்ணியிலதான் ஆசிட்ட ஊத்தணும். ஆசிட்டுல தண்ணிய ஊத்தினா மூஞ்சியில தெறிக்கும்டா" என்று அடிக்கடி சொல்லுவார். அந்த ஒரு பாடத்தோடு 1988-ஆம் ஆண்டு ஈப்போவுக்கு வந்து, வீடுகளில் உள்ள நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தேன்.

"நீச்சல் குளத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். குளம் வசதி உள்ளவர்களுடையது. ஆனால் அதில் இறங்கித் தேய்ப்பவன் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஈப்போவைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள் இருப்பதை அறிவீர்கள். அப்படி ஒரு மலையோரத்து வீட்டில் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பிய குளம் ஒன்று இருந்தது. தண்ணீர் மட்டம் தொடும் இடத்தில், ஓடுகளின் மேல் வெள்ளைப் பொருக்கு தடித்துக் கிடந்தது. நான் ஆசிட்டைக் கொண்டு தேய்த்தேன். ஓடு பளபளத்தது. வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சி. இரண்டே மாதத்தில் பொருக்கு திரும்பி வந்தது. மறுபடியும் தேய்த்தேன், மறுபடியும் வந்தது. மூன்றாம் முறை பார்த்தபோது ஓடுகளுக்கு இடையே இருந்த சிமெண்டையே ஆசிட் அரித்திருந்தது.

அது 1994-ஆம் ஆண்டு. அன்றைக்கு என் அக்காள் மகனும் உதவிக்கு வந்திருந்தான். பத்தொன்பது வயசுப் பையன். பம்பு அறையில் ஒரு வாளி இருந்தது. அதன் அடியில் காலையில் கலக்கிய குளோரின் தூள் கொஞ்சம் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. "அந்த வாளியில ஆசிட்ட ஊத்திக் கொண்டா" என்றேன். ஊற்றினான். மஞ்சளும் பச்சையுமாய்ப் புகை எழும்பியது. "மாமா!" என்று ஒரே ஒரு சத்தம். ஓடிப்போய் அவனை வெளியே இழுத்துப் போட்டேன். மூச்சு விட முடியாமல் இருமிக்கொண்டே கிடந்தான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான்.

அக்காள் என்னைத் திட்டவில்லை. "அப்பாகிட்ட படிச்ச நீயா தம்பி இப்படிச் செஞ்ச?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என்னைப் பல நாள் தூங்க விடவில்லை.

குளத்து மருந்து விற்கும் கடையின் தவுக்கே ஒரு வயதான சீனர். நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, குளத்துத் தண்ணீரில் நாலு சொட்டு மருந்து விட்டுக் காட்டினார். தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறியது. "நோய் ஓட்டில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது" என்றார்.

பிறகுதான் எனக்குப் புரிந்தது. பத்துமலைக் குகைக்குள் மேலிருந்து கல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. சொட்டும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிட, கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. குளத்திலும் நடப்பது அதுவேதான். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், சுண்ணாம்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு மீண்டும் கிணற்றுத் தண்ணீரை விட்டால் சுண்ணாம்பு இன்னும் கூடும். நாங்கள் போட்ட கால்சியம் கலந்த குளோரின் தூளும் அதையே கூட்டியது. தண்ணீரில் காரம் ஏற ஏற, பொருக்கு படிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே, முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். பி.எச். என்னும் அளவு 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் இருப்பது நல்லது. காரத்தன்மை பத்து லட்சத்தில் 80 முதல் 120 பங்கும், கால்சியம் 200 முதல் 400 பங்கும் இருக்கலாம். பி.எச். ஏறினால் ஆசிட்டைச் சிறிது சிறிதாக, பம்பு ஓடும்போது குளத்தில் விட்டு இறக்கலாம். ஆனால் மிஞ்சிப்போன கால்சியத்தை ஆசிட் வெளியேற்றாது. குளத்துத் தண்ணீரில் ஒரு பகுதியை இறைத்துவிட்டு, சுண்ணாம்பு குறைந்த குழாய்த் தண்ணீரை விடுவதே எளிய வழி. நாங்கள் அப்படியே செய்தோம். பழைய பொருக்கை நுரைக்கல்லை நனைத்து மெதுவாகத் தேய்த்து எடுத்தோம். ஆறு மாதம் ஆகியும் ஓடு சுத்தமாகவே இருந்தது.

வீட்டில் அம்மா கேத்தலில் படிந்த உப்பைப் புளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். அதுவும் இதே கதைதான். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். ஆனால் நாளைக்கும் அதே தண்ணீரைக் காய்ச்சினால் நாளைக்கும் படியும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை பட்டணத்தில் இந்த மாதிரி வேலைக்குப் போனால் நாலு விஷயம் சொல்லி அனுப்புங்கள். ஆசிட்டும் குளோரினும் ஒரே வாளியில், ஒரே அலமாரியில் கூடவே கூடாது. தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும். மூடிய அறைக்குள் வைத்துக் கலக்கக் கூடாது. புகை வந்தால் வாளியை எடுக்க நிற்காமல் காற்றோட்டமான இடத்துக்கு ஓடிவிட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் தராத முதலாளியிடம் கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவு ஆகாது.

என் மருமகன் இன்று சொந்தமாக இதே தொழில் செய்கிறான். புதிதாக வரும் பையன்களுக்கு முதல் நாள் தூரிகையைக் கொடுப்பதில்லை. அந்தச் சோதனைப் பெட்டியைக் கையில் கொடுத்து, தண்ணீரைப் பார்க்கச் சொல்கிறான். அப்பா இருந்திருந்தால் அதைப் பார்த்து மகிழ்ந்திருப்பார்.