ஆண்டவனுக்கும் குடை உண்டு

கண்கண்ட தெய்வம் என்று கதிரவனைப் போற்றுவது தொன்றுதொட்டு வரும் மரபு. மற்றைத் தெய்வங்களைத் தரிசிக்கக் கோயிலை நாடிச் செல்ல வேண்டும். சூரிய நாராயணனோ வீட்டு வாசலுக்கே வந்து காட்சி தருகிறான். விடியலில் நீராடிக் கிழக்கு நோக்கிக் கைகூப்பும் பெரியோர் இன்றும் ஊர்தோறும் உள்ளனர். ரதசப்தமி அன்று எருக்கிலைகளைத் தலையிலும் தோள்களிலும் வைத்து நீராடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அந்நாளில் திருமலையில் மலையப்ப சுவாமி முதலில் எழுந்தருளுவது சூரியப் பிரபை வாகனத்தில்தான்.

மேனியில் தோன்றும் பிணிகளுக்கும் கதிரவன் அருளுக்கும் உள்ள தொடர்பைப் புராணங்கள் பலவாறு பேசுகின்றன. ஆடுதுறையை அடுத்த சூரியனார் கோயிலின் தல வரலாறு, காலவ முனிவரைத் தொடரவிருந்த தொழுநோயைப் பற்றியது. கண்ணனின் மகன் சாம்பன் சூரியனை வழிபட்டுத் தொழுநோய் நீங்கப் பெற்றான் என்பது ஒடிசாவின் கோணார்க்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை. மேலை நாட்டு மருத்துவமும் ஒளியின் ஆற்றலை ஒப்புக்கொண்டது. ஒளிக்கதிர்களைக் கொண்டு தோல் காசநோய்க்குச் சிகிச்சை அளித்த டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் அருள்கின்ற அதே கதிரவன் சுடவும் செய்கிறான். முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். கோயில் வழக்கங்களே அதற்குச் சான்று.

அக்கினி நட்சத்திர நாட்களில் சிவாலயங்களில் லிங்கத் திருமேனிக்கு மேல் தாரா பாத்திரம் கட்டப்படுகிறது. அதன் துளை வழியே நீர் சொட்டுச் சொட்டாக இறைவன் மீது விழுந்துகொண்டே இருக்கிறது. கோடையில் உற்சவ மூர்த்திகளுக்கு வசந்த உற்சவம் நடைபெறுகிறது. மதுரையில் திருமலை நாயக்கர் புது மண்டபத்தை எழுப்பியதே மீனாட்சி சுந்தரேசுவரரின் வசந்த விழாவுக்காகத்தான். சுவாமிக்குச் சந்தனக் காப்பு உண்டு. வீதி உலா வரும்போது குடை உண்டு. புரட்டாசி பிரம்மோற்சவத்திற்காகச் சென்னையிலிருந்து திருப்பதிக்குக் குடைகள் ஊர்வலமாகச் செல்வதை அறியாதவர் இல்லை.

ஆண்டவனுக்கு இத்தனை செய்யும் அடியார்கள் தங்கள் மேனியை மட்டும் மறந்துவிடுகின்றனர். வெயிலைத் தாங்குவதே பக்தி என்ற எண்ணம் முதியோர் பலரிடம் வேரூன்றி இருக்கிறது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், எழுபதைக் கடந்தவர், நீரிழிவு உள்ளவர். பகலில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று எண்ணி, சித்திரைக் கடைசியில் ஒரு நண்பகலில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலுடன் வலம் வந்தார். நீரிழிவால் பாதங்கள் உணர்வு குன்றியிருந்தமையால் சூடு தெரியவில்லை. வீடு திரும்பிய பின்னரே இரு பாதங்களிலும் கொப்புளங்கள் இருப்பதை அவர் மனைவி கண்டார். புண் ஆற இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அத்தனை நாளும் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குக்கூட அவரால் செல்ல இயலவில்லை. வலியைக் காட்டிலும் அதுவே அவரை வாட்டியது. உடல் தேறி உள்ளூர்ச் சிவன் கோயிலுக்கு அவர் சென்றபோது, நெடுநாள் பழகிய குருக்கள் உரிமையோடு கடிந்துகொண்டார்: "சுவாமிக்கே தாரா பாத்திரம் கட்டி வைத்திருக்கிறோம். நீங்கள் ஏன் சார் இப்படிக் காலைச் சுட்டுக்கொண்டு வந்தீர்கள்?" அதற்குப் பிறகு ஆசிரியர் பௌர்ணமி இரவில்தான் கிரிவலம் செல்கிறார், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தடித்த பருத்திக் காலுறை அணிந்து நடக்கிறார்.

தரையின் சூட்டைக் காலாவது சிலருக்கு உணர்த்தும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் அவ்வாறு எச்சரிப்பதில்லை. அவை இருவகையாகப் பூமியை வந்தடைகின்றன. ஒருவகை தோலின் மேற்பரப்பைச் சுட்டுச் சிவக்கவைக்கும். மற்றது ஆழமாக ஊடுருவிச் சுருக்கத்தையும் தளர்ச்சியையும் உண்டாக்கும். வாகனத்தின் சன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். வெயிலில் தோல் கறுப்பது, அது தன்னைக் காத்துக்கொள்ள மெலனின் என்னும் நிறமியைக் கூடுதலாகச் சுரப்பதால் நேர்வது. மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் இந்த இயற்கைக் கவசம் ஓரளவு மிகுதி. ஆயினும் அது முழுக் கவசம் ஆகாது. மங்கும் கரும்புள்ளிகளும் அவர்களுக்கும் வரும். கண்புரைக்கும் இக்கதிர்கள் ஒரு காரணம். கண்ணனும் இராமனும் கார்வண்ணர்களாகவே கொண்டாடப்படும் நாட்டில் கறுத்துவிடுவோம் என்ற கவலை தேவையில்லை. காக்க வேண்டியது தோலின் நலம்.

முதுமையில் தோல் மெலிகிறது. தாக உணர்வு குறைகிறது. இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் நீர் மாத்திரைகளில் சிலவும், நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளில் சிலவும் தோலை வெயிலுக்கு எளிதில் இலக்காக்கும். தல யாத்திரை புறப்படும் முன் மருத்துவரிடம் இது குறித்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நன்று.

காப்பு முறைகள் எளியவை. நிழல் தன் உயரத்தைவிடக் குறுகியிருந்தால் வெயில் கடுமையாக இருக்கிறது என்று பொருள். இதை அறியக் கடிகாரம்கூட வேண்டியதில்லை. அவ்வேளையில் மண்டபத்தில் அமர்ந்து நாமம் சொல்லலாம். வெளியில் செல்ல நேர்ந்தால் குடையும், முழுக்கை வைத்த பருத்தி ஆடையும் துணை. முகம், கழுத்து, புறங்கை ஆகிய இடங்களில் சன்ஸ்கிரீன் களிம்பு பூசிக்கொள்ளலாம். எஸ்.பி.எஃப். 30 என்று குறித்த களிம்பு, தோலைச் சுடும் கதிர்களில் 97 விழுக்காட்டைத் தடுக்கும். புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பு பூசி, இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். திருநீறும் சந்தனமும் நெற்றிக்கு அழகு. களிம்பு செய்யும் வேலையை அவை செய்யா. நீண்ட நாள் ஆறாத புண்ணோ, உருமாறும் மச்சமோ தென்பட்டால் மருத்துவரிடம் காட்டத் தயங்கலாகாது.

இவற்றைக் கேட்டு வெயிலையே அஞ்சி வீட்டுக்குள் அடைந்துகிடக்கவும் வேண்டாம். எலும்புக்கு உரம் தரும் வைட்டமின் டி, வெயில் தோலில் படுவதால்தான் உடலில் உருவாகிறது. அளவே இங்கு முக்கியம். சந்தியா வந்தனத்திற்கு வகுக்கப்பட்ட காலையும் மாலையும் கதிர் தணிந்த வேளைகள். நண்பகலில் அர்க்கியம் விட ஆகும் நேரமோ சில நிமிடங்களே.

உடம்பைக் கோயிலாகக் கண்டவர் திருமூலர். அந்தக் கோயிலுக்கும் ஒரு குடை வேண்டும். வரும் சித்திரையில் சுவாமி புறப்பாட்டைக் காணக் கிளம்பும் பெரியோர், அர்ச்சனைத் தட்டோடு தண்ணீரும் குடையும் எடுத்துச் செல்லட்டும். உடன் வரும் பேரப் பிள்ளைகளுக்கும் அந்தக் குடையில் சிறிது நிழல் கிடைக்கும்.