அந்தாதி போல் ஒரு பத்தி

எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்னர்ப் பள்ளியில் நடந்த சோதனைத் தேர்வின் ஆங்கில எழுத்துத் தாள் அன்று திரும்பக் கிடைத்தது. ஐந்தாம் படிவ மாணவியான அவள், 125 முதல் 150 சொற்களுக்குள் எழுத வேண்டிய இரண்டாம் பகுதியைத்தான் முதலில் புரட்டினாள். 20-க்கு 12 புள்ளிகள். உள்ளடக்கம், கருத்துப் பரிமாற்றம், ஒழுங்கமைப்பு, மொழி ஆகிய நான்கு கூறுகளுக்கும் தலா 5 புள்ளிகள். மொழிக்கு 4 கிடைத்திருந்தது. ஒழுங்கமைப்புக்கு 2 மட்டுமே.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ‘மோரோவர்’, ‘ஃபர்தர்மோர்’, ‘இன் அடிஷன்’ என்று மனப்பாடம் செய்த இணைப்புச் சொற்களை ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்திலும் மறவாமல் சேர்த்திருந்தாள். ‘வீட்டிலும் தமிழ், ஆரம்பப் பள்ளியிலும் தமிழ். அதனால்தான் நமக்கு ஆங்கிலக் கட்டுரை வரவில்லையோ?’ என்ற பழைய அச்சம் மீண்டும் தலைதூக்கியது.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை அவளையும் அவளுடைய தோழியையும் அழைத்தார். நெகிழிக் குப்பையைப் பற்றி அவள் எழுதிய பத்தியை வேறொரு தாளில் படியெடுத்து, அதிலிருந்த ஐந்து வாக்கியங்களையும் கத்தரிக்கோலால் தனித்தனியே வெட்டினார். துண்டுகளைக் கலைத்துத் தோழியிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். தோழி அடுக்கிய வரிசை வேறாக இருந்தது; ஆனாலும் படிக்கும்போது குறையேதும் தெரியவில்லை. மீண்டும் கலைத்தார்கள். மூன்றாவது வரிசையும் பொருந்தியது.

“எப்படி மாற்றினாலும் பொருந்துகிறது என்றால், இந்த வாக்கியங்களுக்குள் உறவே இல்லை என்று பொருள். ‘மோரோவர்’ என்று எழுதிவிட்டால் மட்டும் உறவு வந்துவிடாது. திங்கட்கிழமை மறுபடியும் எழுதிக்கொண்டு வா,” என்றார் ஆசிரியை.

அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் பாட்டி விளக்கேற்றிவிட்டு அபிராமி அந்தாதியைப் பாடிக்கொண்டிருந்தார். பாடி முடிக்கும்வரை அவள் அருகிலேயே அமர்ந்திருந்தாள்.

“நூறு பாடல்களையும் புத்தகம் பார்க்காமல் எப்படிப் பாட்டி பாடுகிறீர்கள்?”

“இதில் என்ன இருக்கிறது, கண்ணு? ஒரு பாட்டு முடிகிற சொல்லே அடுத்த பாட்டை எடுத்துக் கொடுத்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.”

அந்தம் என்றால் முடிவு. ஆதி என்றால் தொடக்கம். ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் தொடக்கமாக அமைவதே அந்தாதி. தமிழ்ப் பாடத்தில் இதை அவள் படித்திருந்தாள். ஆயினும், தன் ஆங்கிலப் பத்திக்கு இல்லாமல் போனதும் இதுதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்றிரவு அவள் அந்தப் பத்தியைப் புதிதாக எழுதினாள். மாணவர்கள் பலர் நெகிழிக் குவளையில் பானம் வாங்குகிறார்கள் என்று தொடங்கினாள். குடித்து முடித்த குவளைகளைப் பள்ளி வேலிக்குப் பின்னால் வீசுகிறார்கள். அவற்றில் மழைநீர் தேங்குகிறது. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. அந்தக் கொசுதான் டெங்கிக் காய்ச்சலைப் பரப்புகிறது. சென்ற ஆண்டு அவளுடைய தம்பி அந்தக் காய்ச்சலால் மருத்துவமனையில் கிடந்தான். அதனால், அடுத்து என்ன எழுதுவது என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை.

எழுதும்போது இன்னொன்றும் தெரிந்தது. அந்தாதியில் வருவதுபோல் அதே சொல் திரும்ப வர வேண்டும் என்ற கட்டாயம் பத்திக்கு இல்லை. ‘திஸ்’, ‘தே’, ‘இட்’ போன்ற சிறு சொற்களே முன் வாக்கியத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முதன்முதலாகச் சொல்லும்போது ‘எ’ என்று வருவது, அடுத்த முறை ‘த’ என்று மாறுகிறது. ‘ஒரு நாய் வந்தது, அந்த நாய் குரைத்தது’ என்று தமிழில் நாம் சொல்வதும் இப்படித்தானே! ‘மோரோவர்’ ஓரிடத்திலும் தேவைப்படவில்லை. இறுதி வாக்கியத்தில் மட்டும், காரணத்திலிருந்து முடிவுக்குச் செல்வதால், ‘தேர்ஃபோர்’ என்று எழுதினாள்.

திங்கட்கிழமை ஆசிரியை மறுபடியும் கத்தரிக்கோலை எடுத்தார். தோழி துண்டுகளைப் பார்த்தாள். கொசுவுக்கு முன்னால் நீர், நீருக்கு முன்னால் குவளை என ஒவ்வொன்றாக வைத்தாள். முதல் முயற்சியிலேயே அவள் எழுதிய வரிசை அப்படியே வந்துவிட்டது. ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் புன்னகைத்தார்.

எஸ்.பி.எம். தேர்வில் மூன்று பகுதிகளையும் ஒன்றரை மணி நேரத்தில் எழுதி முடிக்க வேண்டும். அங்கே வாக்கியங்களை வெட்டி அடுக்கிப் பார்க்க நேரம் கிடைக்காது. ஆனால், ‘இந்த வாக்கியம் முன்னதிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது?’ என்று கேட்டுக்கொள்ள ஒரு நொடி போதும். அந்தக் கேள்வியை அவளுக்குக் கொடுத்தது, தனக்குத் தடை என்று அவள் எண்ணியிருந்த தமிழ்தான்.