பனியை அள்ள வேண்டியவர் யார்?

மாரி காலம் பிறந்துவிட்டால் எமது பகுதிச் செய்திகள் யாவும் பனியைச் சுற்றியே அமைந்துவிடுகின்றன. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு இவ்வாரம் நடைபெறாது. பொங்கல் விழா அடுத்த வாரத்திற்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. கோவிலுக்கு வருவோர் வாகனங்களை வீதியோரத்தில் நிறுத்துவதைத் தவிர்க்கவும். மரண அறிவித்தல்களிற்கூடக் காலநிலையைப் பற்றி ஒரு வரி சேர்ந்துகொள்கின்றது. தாயகத்தில் மழை பெய்தால் ஒழுங்கைக்குள் வெள்ளம் நிற்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடுவோம். இங்கே அவ்வாறு நடந்துவிட முடிவதில்லை.

வோபர்ன் என்பது மார்க்கம் வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி அமைந்த ஸ்காபரோப் பகுதி. இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயரைத் தாங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காபரோவின் கிராமசபை கூடிய இடமும் இதுவே என்பதை இங்கு வாழும் எம்மவரிற் பலர் அறியார். எமக்குத் தெரிந்த வோபர்ன், உயர்ந்த அடுக்குமாடிகளும், அவற்றின் பின்னே சிறு வீடுகளும், அச்சிறு வீடுகளின் கீழே பேஸ்மன்ட்டுகளும்தான். 1980களின் பிற்பகுதியிலும் 90களிலும் வந்திறங்கிய எமது குடும்பங்களிற் பல, கனடாவின் முதற் பனியை பேஸ்மன்ட்டின் சிறிய யன்னல் வழியாகவே கண்டன. பனி நன்றாகப் பெய்தால் அந்த யன்னல் மூடிப்போகும். விடிந்ததா இல்லையா என்று மணிக்கூட்டைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

எமது மொழியில் பனி என்ற சொல் மிகவும் மென்மையானது. மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதும் பனி. தலையில் விழுந்தால் தடிமன் பிடிக்கும் என்று துவாயைப் போர்த்துவிடுவார்களே, அதுவும் பனி. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் இந்நாட்டின் மாரியை எதிர்கொள்ள வந்தோம். இங்கோ ஊதினால் பறக்கும் தூள் பனி வேறு. ஈரச் சீமெந்துபோல் கனக்கும் பனி வேறு. மழையாய் விழுந்து நிலத்திற் பட்டதும் கண்ணாடியாகும் உறைமழை வேறு. உறைமழையின் வலிமையை 2013 மார்கழியிற் கண்டோம். நத்தாருக்குச் சில நாட்கள் முன்னர் மரக்கிளைகள் பனிக்கட்டி சுமந்து முறிந்து மின்கம்பிகளின் மேல் விழுந்தன. ரொறன்ரோவில் ஏறத்தாழ 300,000 மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. இருளில் இருப்பது எம்மவருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி, போத்தலில் திரி போட்டுப் படித்தவர்கள் நாம். ஆனால் அந்த இருள் வெப்பமானது. இங்கே விளக்கு அணைந்தால் வீடும் குளிர்ந்துவிடுகின்றது.

பனியை அகற்றும் ஒழுங்குமுறையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். புதிதாக வந்தோர் இதனை அறியாது நகரசபையை ஏசுவதைப் பார்த்திருக்கிறேன். அறிந்தபின் ஏசுவது வேறு விடயம். பெருவீதிகளில் 5 சென்ரிமீற்றர் அளவில் பனி சேர்ந்தால் தள்ளும் வாகனங்கள் இறங்கும். குடிமனைகளுக்குள் இருக்கும் சிறு வீதிகளுக்கு 8 சென்ரிமீற்றர் வரை காத்திருக்க வேண்டும். எல்ஸ்மியரில் பேருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது எமது வீதி மட்டும் கவனிப்பாரற்றுக் கிடப்பதன் காரணம் இதுவே. தள்ளும் வாகனம் பனியை எங்கும் கொண்டு செல்வதில்லை. ஓரத்திற்கு ஒதுக்குகிறது, அவ்வளவுதான். அந்த ஒதுக்கல் எமது டிரைவேயின் வாயிலில் ஒரு வரம்பாக வந்து குந்திக்கொள்ளும். இரண்டு மணித்தியாலம் அள்ளிக் களைத்து, தேநீர் குடிக்க உள்ளே போனவர் திரும்பி வரும்போது அந்த வரம்பைக் கண்டு என்ன சொல்வார் என்பதை இங்கு அச்சிட முடியாது. ஸ்காபரோவில் இவ்வரம்பை வெட்டித் திறந்துவிடும் சேவை உண்டு. எனினும் அது வரும்வரை வேலை காத்திருக்காது. அள்ளிய பனியை வீதியில் வீசுவது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஒதுக்கிய பனியைப் பாரவண்டிகளில் ஏற்றி அப்பால் கொண்டு செல்வது தனியானதொரு பணி, மெதுவானது, பெருஞ்செலவு பிடிப்பது. 2025 மாசியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த புயல்கள் 50 சென்ரிமீற்றருக்கும் மேலான பனியைக் கொட்டியபோது இப்பணி வாரக்கணக்கில் இழுபட்டது. பேருந்துத் தரிப்பிடங்களில் இடுப்பளவு பனிமேடு. பேருந்து வந்து நிற்கும், கதவு திறக்கும், கைத்தடியுடன் நிற்கும் முதியவர் அந்த மேட்டைப் பார்ப்பார், சாரதி அவரைப் பார்ப்பார். நகரசபையில் பெரும் கேள்விகள் எழுந்தன. ஆனால் அந்த மேட்டில் ஏறி இறங்கியவர்களிற் பெரும்பான்மையோர் எம்மைப்போல் வாகனமின்றி வேலைக்குச் செல்லும் குடிவரவாளர்களே.

இனித் தலைப்பிற்கு வருகிறேன். 1994ஆம் ஆண்டு நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பேஸ்மன்ட்டில் இரு குடும்பங்கள். எங்கள் பக்கத்து அறைகளில் வடமராட்சியைச் சேர்ந்த ஓர் அக்காவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும். கணவர் கொழும்பில் விசாவிற்காகக் காத்திருந்தார். வீட்டுக்காரர் எம்மவரே. வாடகைப் பத்திரத்தில், பக்கவாட்டு நடைபாதையின் பனியைக் குடியிருப்போரே அகற்றவேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தார். நாம் அதனைக் கேள்வி கேட்கவில்லை. அகதிக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது எதைக் கேள்வி கேட்பது? தை மாதத்தில் ஓரிரவு, தொழிற்சாலை வேலை முடிந்து வந்த அக்கா பேஸ்மன்ட் படியின் தலைமாட்டில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. எட்டு வாரம் வேலையில்லை, சம்பளமும் இல்லை.

"அள்ளச் சொன்னனான்தானே பிள்ளை" என்றார் வீட்டுக்காரர். அக்காவும் தலையை ஆட்டினார். அந்த மாதத்து வாடகையைச் சுற்றத்தார் சேர்த்துக் கொடுத்தோம்.

தலையை ஆட்டியிருக்கத் தேவையில்லை. வாடகைக் குடியிருப்புகளின் பொதுவான வெளிப்பகுதிகளைப் பனியின்றி வைத்திருப்பது ஒன்ராறியோவில் வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. வாடகைப் பத்திரத்தில் ஒரு வரி எழுதி அக்கடமையைக் குடியிருப்போரின் தோளில் இறக்கிவைக்க முடியாது என்று 2009இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவரும் பேஸ்மன்ட்டில் குடியிருந்த ஒரு பெண்தான். அவரும் நடைபாதைப் பனியில் வழுக்கியே விழுந்தார். குடியிருப்பவர் விரும்பினால், ஊதியம் போன்ற ஒன்றைப் பெற்றுக்கொண்டு, வாடகையுடன் கலவாத தனி உடன்படிக்கையாக அவ்வேலையை ஏற்கலாம். சொந்தக்காரருடன் சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து வாழ்வோருக்கு வாடகைச் சட்டம் பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

விழுந்து காயப்பட்டால் காலக்கெடு முக்கியம். தனியார் இடமாயின் 60 நாட்களுக்குள், எங்கே, எப்போது விழுந்தோம் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். இவ்விதி 2021 தை மாத இறுதியில் நடைமுறைக்கு வந்தது. நகரசபையின் நடைபாதையாயின் 10 நாட்கள் மட்டுமே. எம்மவர் முதலில் எண்ணெய் பூசி, பின்னர் கட்டுப்போட்டு, மூன்றாம் வாரம் வைத்தியரிடம் செல்வது வழக்கம். அதற்குள் பத்து நாட்கள் பறந்துவிடும்.

இன்று எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. முதற் பனி விழுந்த அன்றே அந்த இளைஞர் சவலைத் தேடிக்கொண்டு வந்தார். தேவையில்லை, இது என்னுடைய வேலை என்று சொல்ல, அவர் முகத்தில் நம்பிக்கையின்மையே தெரிந்தது. வாடகையைக் கூட்டப்போகிறேன் என்று நினைத்தாரோ தெரியாது.

அள்ளுவதிலும் ஆபத்து உண்டு. 2017இல் கனேடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, 1981 முதல் 2014 வரையான கியூபெக் மாகாணத் தரவுகளை ஆராய்ந்தது. 20 சென்ரிமீற்றர் பனி பெய்தால், மறுநாள் மாரடைப்பினால் ஆண்கள் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவது 16 வீதமும், இறப்பது 34 வீதமும் அதிகரிக்கக் காணப்பட்டது. பெண்களிடம் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. அள்ளுபவர் பெரும்பாலும் ஆண்களாய் இருப்பதே காரணமாகலாம் என்பது ஆய்வாளரின் ஊகம். (எங்கள் வீட்டில் இதனை வாசித்துக் காட்டியபோது சவல் கைமாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை.) தெற்காசியரிடையே நீரிழிவும் இதய நோயும் மிகுந்திருப்பது யாவரும் அறிந்தது. இரவு வேலை முடிந்து வந்து, வெறும் வயிற்றுடன் குளிரில் இறங்கி, ஈரப்பனியை ஒரே மூச்சில் அள்ளுவதை வீரமாகக் கருதும் அண்ணன்மார் எம் வீதியில் பலர். கொஞ்சமாய் அள்ளுங்கள், தூக்கி எறியாமல் தள்ளுங்கள், நெஞ்சு இறுகினால் சவலைப் போட்டுவிட்டு 911ஐ அழையுங்கள்.

1999ஆம் ஆண்டின் தை மாதத்தைக் குறிப்பிடாமல் ரொறன்ரோவின் பனியைப் பற்றி எழுத முடியாது. ஆண்டு பிறந்து இரண்டாம் நாள் தொடங்கிய பனி இரண்டு வாரத்திற்குள் ஒரு முழு மாரிக்குரிய அளவைக் கொட்டித் தீர்த்தது. ஸ்காபரோ ரொறன்ரோவுடன் இணைக்கப்பட்டு அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. 13ஆம் திகதி, மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தை உதவிக்கு அழைத்தார். நாட்டின் ஏனைய பகுதிகள் சிரித்தன. பனிக்குப் பயந்து ஆமியைக் கூப்பிட்ட நகரம் என்று இன்றுவரை கேலி செய்கின்றன.

எமது வீட்டில் எவரும் சிரிக்கவில்லை. அம்மா கனடாவிற்கு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. 1995 ஐப்பசி 30ஆம் திகதி யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது மழையில் நனைந்து நடந்தவர். பின்னர் வன்னி, வவுனியா, கொழும்பு என்று அலைந்து எம்மிடம் வந்து சேர்ந்தவர். மாலைச் செய்தியில் கவச வாகனங்கள் பனியைக் கிழித்துக்கொண்டு ரொறன்ரோவுக்குள் வருவதைத் தொலைக்காட்சி காட்டியது. ஆங்கிலம் அவருக்கு விளங்காது, படம் விளங்கியது.

"தம்பி, உது ஆமியெல்லே? இஞ்சையும் தொடங்கீட்டுதே?"

விளக்கினோம். நோயாளர் வண்டிகளுக்கு வழி எடுத்துக் கொடுக்கவும் பனி அள்ளவும் வந்திருக்கிறார்கள் என்றோம். கேட்டுக்கொண்டார். இரவு பதினொரு மணிக்கு அவருடைய அறையில் விளக்கு எரிந்தது. கடவுச்சீட்டு, குடிவரவுக் கடிதங்கள், காணி உறுதியின் பிரதி, அப்பாவின் படம், மருந்துப் போத்தல் யாவற்றையும் ஒரு பையில் அடுக்கிக் கட்டிலின் தலைமாட்டில் வைத்திருந்தார். சப்பாத்தையும் பக்கத்தில் வைத்திருந்தார். பையை அவிழ்க்கச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. மறுநாள் செய்தியில் இளஞ்சிப்பாய் ஒருவன் தண்ணீர்க் குழாயொன்றைச் சுற்றிப் பனி அள்ளுவதைக் காட்டினார்கள். அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பங்கர் வெட்டாமல் சவல் பிடிக்கிற ஆமியை இப்பதான் பாக்கிறன்" என்றார்.

அந்த வாரத்திலேதான் தைப்பொங்கலும் வந்தது. முற்றத்தில் பொங்க வழியில்லை; அடுப்பில் பொங்கினோம். பை மட்டும் மாசி வரை கட்டிலின் தலைமாட்டிலேயே இருந்தது.

அம்மாவால் இறுதிவரை ஏற்றுக்கொள்ள முடியாமற் போனது பனியை அன்று, உப்பை. எமது வீதிகளில் கொட்டப்படும் உப்பைப் போன்ற பாறை உப்பு ஹியூரன் ஏரிக்கரையில் உள்ள கொட்றிச் என்ற ஊரில் வெட்டி எடுக்கப்படுகின்றது. ஏரிக்குக் கீழே 500 மீற்றருக்கும் ஆழத்தில் உள்ள அச்சுரங்கம் உலகிலேயே மிகப் பெரிய நிலக்கீழ் உப்புச் சுரங்கம். பனியின் உறைநிலையைத் தாழ்த்தி உப்பு அதனை உருக்குகின்றது. கடுங்குளிர் வந்தால் உப்பாலும் பயனில்லை. உருகிய உப்புநீர் வடிகால்களில் இறங்கி, வோபர்னூடாக ஓடும் ஹைலன்ட் கிறீக்கைச் சேர்ந்து, ஒன்ராறியோ ஏரிக்குப் போகின்றது. வீதி உப்பு சுற்றாடலுக்கு நஞ்சு என்று கனேடிய மத்திய அரசின் மதிப்பீடு 2001லேயே கூறிவிட்டது. ஆயினும் கொட்டாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவின் கணக்கு வேறு. அவர் அறிந்த உப்பு ஆனையிறவு உப்பு. வெயிலிற் காய்ந்து, மனிதர் வாரி, மூட்டையாய்க் கட்டியது. போரினால் அந்த உப்பளம் பல்லாண்டுகள் செயலிழந்து கிடந்தபோது, குடாநாட்டில் ஒரு சிறங்கை உப்பின் பெறுமதியை அவர் அறிந்திருந்தார். உப்பைச் சிந்தக்கூடாது, மிதிக்கக்கூடாது என்பது அவர் வளர்ந்த முறை. நாங்கள் வாளியில் அள்ளிப் படிகளில் விசிறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேலையால் வருகிறவர்களை வாசலிலேயே மறித்து, சப்பாத்தின் அடியிற் காய்ந்திருக்கும் வெள்ளைக் கறையைக் காட்டி, "உப்போடை உள்ளுக்கை வராதையுங்கோ" என்பார். தண்ணீர்ச் செம்பும் பழந்துணியும் மாரி முழுவதும் கதவருகில் இருக்கும். செம்பு இப்போதும் அங்கேயே இருக்கிறது. ஆப்கான் குடும்பத்துச் சிறுவனும் பாடசாலையால் வரும்போது அதிலேயே சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்குகிறான்.